தலசீமியாவும் நெல்லிரசமும்

தலசீமியாவில் ஒட்சியேற்றம் செங்குழியத்தின் சவ்வை அரிக்கிறது; ஆகவே நெல்லிரசமும் விற்றமின் சீ மாத்திரையும் அதைத் தடுத்து இரத்தத்தைக் கூட்டும் என்கிறார்கள். பல்லேகல, குண்டசாலைப் பக்கமிருந்து பிள்ளைக்கு இரத்தம் ஏற்றக் கண்டிக்குப் போய்வரும் பெற்றோரின் காதிலும் இந்த யோசனை விழாமல் இருக்காது. இதன் முதற்பாதி சரி. மறுபாதி பிழை.

"மூலகாரணம் ஒட்சியேற்றம்." இல்லை. ஈமோகுளோபினில் அல்பா, பீட்டா என இருவகைச் சங்கிலிகள் உண்டு. பீட்டா தலசீமியாவில் பீட்டாச் சங்கிலி குறைவதால், இணையின்றி மிஞ்சும் அல்பாச் சங்கிலிகள் திரண்டு சவ்வின் உட்புறத்தில் படிகின்றன. அவற்றிலிருந்து கழன்ற இரும்பு அங்கேயே ஒட்சியேற்றத்தைத் தூண்டிச் சவ்வின் கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கிறது. 120 நாள் வாழவேண்டிய கலங்களில் பல என்புமச்சையிலேயே மடிகின்றன. தப்பியவற்றை மண்ணீரல் அழிக்கிறது. சங்கிலிகளின் ஏற்றத்தாழ்வு மரபணுவில் இருக்கிறது. எந்த ரசமும் அங்கே எட்டாது.

"ஆய்வுகள் நிரூபித்துவிட்டன." தாய்லாந்தில் ஈமோகுளோபின் ஈ-பீட்டா தலசீமியா நோயாளருக்கு மஞ்சளின் குர்குமினைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒட்சியேற்றச் சேதத்தின் அளவீடுகள் குறைந்தன, ஈமோகுளோபின் கூடவில்லை. ஆய்வுகூடத் தாளில் ஓர் எண் இறங்குவதும் பிள்ளைக்கு இரத்தம் ஊறுவதும் ஒன்றல்ல.

"விற்றமின் சீ கூடினாலும் தீங்கில்லை." ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உண்டு; உடலோ நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமையே வெளியேற்றும். மிச்சம் ஈரலிலும் இதயத்திலும் தேங்குகிறது. கூடிய அளவு விற்றமின் சீ அந்த இரும்பை இளக்கி, ஒட்சியேற்றத்தைத் தூண்டும் வடிவுக்கு மாற்றி, இதயத்தைப் பாதிக்கலாம். அதனால்தான் மருத்துவர்கள் இரும்பை அகற்றும் டெஸ்பெராலுடன் மட்டும் அதைச் சிறிதளவு கொடுக்கிறார்கள். ஒரு நெல்லிக்காய் தின்பதில் பயமில்லை. மாத்திரைப் போத்தலில்தான் கவனம் வேண்டும்.

"முகம் வெளிறினால் இரும்பு டொனிக் போதும்." இரும்புக்குறைபாட்டில் போலவே, நோயின்றிப் பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமக்கும் தலசீமியாக் காவிகளுக்கும் செங்குழியங்கள் சிறுத்தே தெரியும்; ஆகவே உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிற்றினைப் பார்க்காமல் இரும்பு கொடுக்கக்கூடாது. நோயாளருக்கோ சாப்பாட்டோடு பிளேன்ரீ குடிப்பதே நல்லது. தேயிலை குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

அப்படியானால் சவ்வை எது காக்கிறது? ஒழுங்காக இரத்தம் ஏற்றினால் உடலின் குறைபாடான செங்குழிய உற்பத்தி அடங்கும். இரும்பகற்றும் மருந்து ஒட்சியேற்றத்தின் எரிபொருளை வெளியேற்றும். இரண்டையும் தவறவிடாமல் செய்வதே சிகிச்சை. இலங்கையில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் பீட்டா தலசீமியாக் காவிகள். இரு காவிகள் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கலியாணம் பேசுமுன் இரத்தத்தைப் பரிசோதிப்பது எந்தச் சாற்றையும்விடப் பயன் தரும்.