கணக்கில் முளைத்த காடு

கம்ப்யூட்டரில் காடு வளர்க்கிறார்கள். மரத்தை யாரும் வரைவதில்லை; கிளை பிரியும் விதியை எழுதினால் போதும், ஆயிரம் மரம் முளைத்துவிடும். 1968-ல் லிண்டன்மயர் என்ற உயிரியல் அறிஞர் பாசியின் வளர்ச்சியை விளக்க வகுத்த முறை இதற்கு ஒரு மூலம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. 'ஒன்றைப்போல் ஒன்றில்லை, ஆகவே நிஜம்' என்று மார்தட்டுகிறார்களே, அவர்களோடுதான் என் வழக்கு.

2016-ல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' விளையாட்டில் 18-க்குப் பின் 18 சைபர் போட்ட அளவு கிரகங்களாம்! நாலைந்து சுற்றியதும் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. மரம் வளைந்திருந்தால், எந்தக் காற்று வளைத்தது என்று கேட்கிறவன் கதைக்காரன். வளைத்த காற்று அங்கே இல்லை ஐயா, குலுக்கிப் போட்ட எண்தான் இருக்கிறது. மழை மலையை அரிக்கும் விதத்தையே கணக்காக எழுதிக் காட்டியவர்கள் 1989-லேயே உண்டு. அந்தப் பாடுபட மனமில்லாமல், எண்ணிக்கையைக் காட்டி என்னை மிரட்ட வேண்டாம்.