முட்டைக்காசும் மண்காசும்

பாடத்திட்ட மாற்றம் பற்றித் துறைக் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும், மூத்த பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியப்போகுது?” ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் பெண்கள். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். ஐயா, பெட்டைக்கோழி கூவும். சேவல் இல்லாத கூட்டில் மூத்த பெட்டை ஒன்று கழுத்தை நீட்டிக் கூவியதை என் காதால் கேட்டிருக்கிறேன். அப்படிக் கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று அன்றைக்கே அதை அறுத்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். கூவிய கோழி குழம்பாகிவிட்டதால் பழமொழி பிழைத்துக்கொண்டது.

கோழியைப் பற்றி ஒரு பெண் எழுத உட்கார்ந்தால் கூண்டு, சிறகு, வானம் என்று வரிசையாக வந்துவிடும். என் முதல் தொகுப்பில் நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் கோழி என்றால் கோழிதான். எண்ணூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் பதினான்கு பெட்டைகளும் இரண்டு சேவல்களும். அவற்றுக்கான வேலையை யார் செய்கிறார்கள், அதில் எந்தச் செலவை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு.

எங்கள் ஆயா மீன் விற்றவர். கூடையில் மிஞ்சிய குடலும் இறால் தலையும் கோழிக்கு. அதிகம் போட்டால் முட்டை மீன் நாற்றம் அடிக்கும் என்பதால் அதற்கும் ஓர் அளவு வைத்திருந்தார். சிப்பி ஓட்டை இடித்துத் தவிட்டில் கலப்பார், முட்டை ஓடு கெட்டிப்பட. இரவுக்கு மட்டும் பஞ்சாரம். பகலெல்லாம் கோழிகள் தெருவில். ஆயாவுக்குப் பிறகு அம்மா. அப்பாவின் சம்பளம் அப்பாவுடையது. கணக்குக் கேட்க முடியாது. முட்டைக்காசு அம்மாவுடையது, அதை யாரும் கணக்குக் கேட்டதில்லை. எனக்கு எம்.ஏ. தேர்வுக் கட்டணம் அஞ்சறைப்பெட்டியின் கடுகுக்கு அடியிலிருந்து வந்தது. என் முனைவர் பட்டத்துக்கு நன்றியுரை எழுதும்போது நெறியாளர், நூலகர், நண்பர்கள் என்று இரண்டு பக்கம் நிரப்பினேன். கோழியை எழுதவில்லை. வெட்கம்தான்.

இன்று கோழிகளைத் தெருவில் விட முடியாது. கன்டெய்னர் லாரியும் நாயும் ஒரு காரணம். பெரிய காரணம் மண். 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் இன்னும் புகைகிறது. அதன் சாம்பல் குழாய்கள் ஒழுகி ஒழுகிக் கொசஸ்தலை ஆற்றில் படிந்ததை இந்த ஊரில் படகோட்டும் எவரும் கையால் அள்ளிக் காட்டுவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அம்மா அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இனிமே இதுங்கள வெளிய வுட முடியாதுடி. பெரிசா கட்டணும்.”

பெரிசாகக் கட்டுவது என்றால் என்ன என்று கட்டியவர்களுக்குத்தான் தெரியும். படுக்கும் கூட்டில் ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும். பகலில் உலாவ எட்டிலிருந்து பத்து. அதற்குக் குறைந்தால் ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கும், பின்பக்கத்தைக் கொத்திப் புண்ணாக்கும். ஆகவே பதினெட்டு அடி நீளம், எட்டு அடி அகலம். அது இதுவரை தம்பியின் பைக் நின்ற இடம். “வண்டி வெயில்ல காயுது, கோழிக்கு பங்களாவா?” என்றான் அவன். மூன்று வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. வீடு அவன் பெயரில் இருக்கிறது. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நான் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டவள். பெண்ணியம் பேசும் வாயால் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கடைசியில் அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து, ஆளைக் கூட்டிவந்து, அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை கால்களை நட்டுவிட்டாள்.

உப்புக்காற்றில் சாதாரணக் கம்பிவலை வெகு சீக்கிரம் துருவேறி உதிரும். அதனால் கெட்டிக் கம்பி. பெருச்சாளி தோண்டும் என்பதால் வலையை ஓரடி மண்ணுக்குள் புதைத்து வெளிப்பக்கம் மடக்க வேண்டும். மேலே பருந்துக்கும் காக்கைக்கும் வலை, வெயிலுக்குக் கீற்று. கூட்டைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்தினோம், அடுத்த வெள்ளத்துக்காக. தரையில் நாலு விரல் கனத்துக்கு உமி. வாரம் இரண்டு முறை கிளறி, நனைந்ததை அள்ளிவிட்டுப் புதிது போட வேண்டும். கோழிக்கழிச்சலுக்குத் தடுப்பூசி, குடற்புழுவுக்கு மருந்து. அடைக்கு உட்காரும் பெட்டைக்குத் தனி மூலை. ஒரு நோட்டில் நான் நேரத்தைக் குறித்துவந்தேன். அம்மாவுக்கு வாரம் பதினோரு மணி நேரம், எனக்கு மூன்று. தம்பிக்குச் சுழி. முட்டை சாப்பிடும் நேரத்தை நான் சேர்க்கவில்லை.

நாட்டுக்கோழிக்குச் செள்ளும் பேனும் பிடித்தால் ஆயா அடுப்புச் சாம்பலைக் குழியில் கொட்டிவிடுவார். கோழிகள் அதில் புரண்டு குளிக்கும், பூச்சி போய்விடும். விறகு அடுப்புப் போனதும் அந்தச் சாம்பலும் போயிற்று. ஒருநாள் பக்கத்துவீட்டு அண்ணன் வேலிமேல் கைவைத்துக்கொண்டு, “இன்னா அக்கா, சாம்பல்தான் தானா வந்து வுழுதே, கோழிக்கு நல்லதுதானே” என்றார். நகைச்சுவைதான். ஆனால் விறகுச் சாம்பல் வேறு, நிலக்கரிச் சாம்பல் வேறு. பின்னதில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் எல்லாம் சிறு அளவில் உண்டு. கோழி மண்ணைக் கிளறும், புழுவோடு மண்ணையும் விழுங்கும். மண்ணில் உள்ளது முட்டைக்கு வரும். டையாக்சின் போலக் கொழுப்பில் கரைவது மஞ்சள் கருவில் சேரும்.

இது எண்ணூர்ப் பெண்களின் பயம் மட்டுமல்ல. 2005-இல் ஐபென் என்ற பன்னாட்டு அமைப்பு, மாசுபட்ட இடங்களில் மேயும் கோழிகளின் முட்டைகளைப் பல நாடுகளில் சேகரித்துச் சோதித்தது. கேரளத்தின் ஏலூர்த் தொழிற்பேட்டையும் லக்னோவும் அந்தப் பட்டியலில் இருந்தன, டையாக்சின் மிகுந்திருந்தது. 2022-இல் சிட்னி நகரத்து வீட்டுக்கோழி முட்டைகளில் கடை முட்டையைவிடச் சராசரியாக நாற்பது மடங்கு ஈயம் இருப்பதாக ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2025 ஏப்ரலில் நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம், வீட்டில் வளர்க்கும் கோழியின் முட்டையைச் சாப்பிடாதீர்கள் என்று நாடு முழுவதற்கும் அறிவுரை சொன்னது. அங்கே காரணம் பிஃபாஸ் என்ற வேதிப்பொருள் கூட்டம். அங்கெல்லாம் அரசோ பல்கலைக்கழகமோ ஓர் அமைப்போ முட்டையை வாங்கிச் சோதித்தது. எங்கள் முற்றத்துக்கு யாரும் ஒரு கரண்டி மண் எடுக்க வந்ததில்லை. நல்ல மண் வாங்கிப் போடுங்கள், மேலே மூடுங்கள், தீனியைத் தரையில் இறைக்காதீர்கள், கையைக் கழுவுங்கள் என்ற அறிவுரைகள் மட்டும் வந்து சேர்ந்துவிட்டன.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த அறிவுரைகள் தவறில்லை; அத்தனையையும் நாங்கள் செய்கிறோம். அவை யாரை நோக்கிச் சொல்லப்படுகின்றன என்று பாருங்கள். மண்ணைக் கெடுத்தது மின்நிலையமும் ஆலையும் துறைமுகமும். சுத்தம் செய்வது அம்மா. ஒரு டெம்போ செம்மண் 4,500 ரூபாய். அதை வாங்கியது முட்டைக்காசு. அந்தச் செலவு எழுபது வயதுக்காரியின் இடுப்புவலியாகவும் பதினோரு மணி நேரமாகவும் எங்கள் வீட்டுக்குள் வந்து, வீட்டுவேலை என்று பெயர் மாற்றிக்கொண்டது. கொடியில் காயும் துணியில் கரித்தூள் படிந்தால் மறுபடி அலசுவது, தரையை மூன்றாம் முறை துடைப்பது, மூச்சிழுக்கும் பிள்ளைக்கு இரவில் விழித்திருப்பது எல்லாம் இதே கணக்குதான். ஆற்றில் விழும் சாம்பலை அளக்கவாவது தீர்ப்பாயம் உண்டு. வீட்டுக்குள் விழுந்த சாம்பலைத் துடைப்பத்தால் அளக்கிறோம்.

அரசு இதைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எடுத்த விதத்தைச் சொல்கிறேன். தேசிய மாதிரி ஆய்வில் 93 என்று ஒரு குறியீடு உண்டு. வீட்டுவேலையோடு கூடவே குடும்பத் தேவைக்காக விறகு, கீரை சேகரிப்பவள், தைப்பவள் அதில் வருவாள். இப்படிப்பட்ட பெண்களிடம் வீட்டில் கோழி பார்க்கிறாயா என்று தனியாகக் கேள்வி கேட்ட சுற்றுகளும் உண்டு. ஆம் என்று சொன்னாலும் அவள் உழைப்பாளர் கணக்குக்கு வெளியேதான். 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் செலவிடுவதாகச் சொல்கிறது. இதில் அனல்மின் நிலையத்துக்காகச் செய்தது எத்தனை நிமிடம் என்று கேட்க அதில் கட்டம் கிடையாது.

பட்டினப்பாலை நடத்தும்போது இதை நினைத்துக்கொள்வேன். காவிரிப்பூம்பட்டினத்தின் முற்றத்தில் பெண்கள் தானியம் உலர்த்துகிறார்கள். கொத்த வரும் கோழியைப் பொன் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். அந்தக் குழை குழந்தையின் மூன்று சக்கரச் சிறுதேரை மறிக்கிறது. ஆண்டுதோறும் மாணவிகள் ‘சோழநாட்டின் செல்வச் செழிப்பு’ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். நீண்ட அமைதிக்குப் பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, “வேலைதான் மேடம்” என்றாள். திருவொற்றியூர்க்காரி.

எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தார்கள். தேவையானது, போதாதது. படகு எண்ணப்பட்டது. படகு யாருடையது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பேரிடர் நிவாரண விதியில் கோழிக்கும் விலை உண்டு: ஒன்றுக்கு 100 ரூபாய். மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. முட்டையிடும் நாட்டுப்பெட்டை ஒன்றை நூறு ரூபாய்க்கு யாராவது வாங்கித் தந்தால் நான் பத்து எடுத்துக்கொள்கிறேன். இலவச அசில் கோழிக்குஞ்சு 25 கொடுத்த திட்டமும், பிறகு பாதி மானியத்தில் 40 குஞ்சு கொடுத்த திட்டமும் ஊரகப் பெண்களுக்கானவை. கத்திவாக்கம் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் நாங்கள் மாநகரப் பெண்கள். கழிவு கொட்டும்போது மட்டும் இது ஊருக்கு வெளியே.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பமும் சின்னக்குப்பமும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடின, பலர் மருத்துவமனையில். எங்கள் வீட்டில் முதலில் எழுந்தது அம்மா. “இது கூட்டு நாத்தம்டி. கிளறாம வுட்டா வர்ற நாத்தம்.” சரியாகத்தான் சொன்னாள். எச்சமும் ஈரமும் சேர்ந்தால் வருவதும் அமோனியாதான். மிஞ்சினால் கோழிக்குக் கண் வீங்கி மூடிக்கொள்ளும். அதனால்தான் வாரம் இரண்டு முறை அந்தக் கிளறல். தன் கூட்டில் அந்த வாடை வராமல் இருக்க நாற்பது வருடமாகக் குனிந்து நிமிர்கிறவள், ஒரு குழாயைப் பார்த்துக்கொள்ள முடியாதவர்களால் ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு தெருவில் நின்றாள். போகும் முன் சாக்குகளை நனைத்துக் காற்று வரும் பக்கத்து வலையில் போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள். தம்பி கத்தினான், அவள் முடிக்கும்வரை நின்றும்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது கோழிகள் உயிரோடிருந்தன. இரண்டுக்குக் கண் ஒட்டிக்கிடந்தது. மூன்று வாரம் முட்டை இல்லை. அந்த மூன்று வாரத்து முட்டைக்கு எந்த மனுவிலும் இடமில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, கோழியை விட்டுவிடலாமே என்று என் தோழிகளே கேட்கிறார்கள். விடலாம். விட்டால் அம்மாவிடம் அவளுக்கென்று இருக்கும் ஒரே காசு போகும். மண் கெட்டது கெட்டபடியே கிடக்கும், அதைக் காட்டிக்கொடுக்கும் கோழிகூட இல்லாமல். இயற்கை வாழ்வு, வீட்டுமுட்டை என்று ஈஞ்சம்பாக்கம் பண்ணைவீட்டிலிருந்து அழைக்கும் இன்னொரு வகைத் தோழிகளுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் முற்றத்தில் நல்ல மண் இருப்பது உங்கள் ஒழுக்கத்தால் அல்ல. மின்சாரம் உங்களுக்கு, சாம்பல் எங்களுக்கு என்று பிரித்துவைத்ததால்.

மின்நிலையங்களின் செலவில், எண்ணூர், எர்ணாவூர், கத்திவாக்கம், செப்பாக்கம் முற்றங்களின் மண்ணையும் முட்டையையும் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில் எழுதி, குடும்பத் தலைவர் கையில் அல்ல, கோழி வளர்ப்பவள் கையில் கொடுக்க வேண்டும். மண் கெட்டிருந்தால் மாற்று மண்ணை அவர்களே கொண்டுவந்து, அவர்களே கொட்டிப் பரப்பிவிட்டுப் போகட்டும். அடுத்த நிலையத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது நடந்தாலும் நோட்டோடு போய் நிற்பதாக இருக்கிறோம், எங்கள் தெருவிலிருந்து ஒன்பது பெண்கள்.

நோட்டில் இப்போது இரண்டு பத்தி. இடப்பக்கம் முட்டைக்காசு, வலப்பக்கம் மண்காசு. கம்பி, கீற்று, உமி, செம்மண், கண் மருந்து, மணி நேரம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். போன வாரம் மணி நேரத்துக்கு என்ன கூலி போடுவது என்று கேட்டேன். கார்ப்பரேஷனில் பெருக்குகிறவர்களுக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்து வரச் சொன்னாள்.