புள்ளி மறைந்தால் வருத்தம் போய்விட்டதா?

சென்ற மாதம் ஹோக்ஸ்ற் பகுதியில் உள்ள ஒரு குடும்பத்தாரின் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர்கள் ஜேர்மனிக்கு வந்து இன்னும் மூன்று வருடம் ஆகவில்லை. வரவேற்பறையில் தளபாடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சுவரோரமாக 200 லீற்றர் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று நீல வெளிச்சத்துடன் நின்றது! மூத்த மகனைப் பள்ளிக்கூடத்தால் பிராங்பேர்ட் மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். 1858 இல் தொடங்கிய அந்தச் சாலைக்குள் எக்சோற்றாரியம் என்றொரு கட்டடம் உண்டு. அங்கே கடல் மீன்களைக் கண்டவன் வீட்டுக்கு வந்து ஒரே பிடிவாதம். தகப்பன் ஒரு டொச்சுக்காரரிடம் பழைய தொட்டியை மலிவாக வாங்கிக் கொடுத்தார். அவருக்கும் ஆசைதான், மயிலிட்டிக் கடற்கரையில் வளர்ந்தவர்.

தொட்டியில் ஆறு மீன்கள் இருந்தன. இப்போது இரண்டு. அந்த நட்டத்தில் எமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் இம்முறை இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம். கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் எம்மவர் வீடுகள் வேறும் உள்ளன.

நடந்தது இதுதான். ஐந்து மீனும் நன்றாக நின்ற தொட்டியில் ஆறாவதாக ஒரு நீல மீனை விட்டார்கள். டொச்சில் 'டொக்டர் மீன்' என்று பெயர்; வாலடியில் சத்திரசிகிச்சைக் கத்தி போல முள் இருக்கும். (இந்த வருத்தம் முதலில் பிடிப்பது பெரும்பாலும் டொக்டரைத்தான்!) ஒரு கிழமைக்குள் அதன் உடம்பிலும் செட்டையிலும் உப்புத் தூவினது போல வெள்ளைப் புள்ளிகள். கல்லோடு உடம்பை உரசத் தொடங்கியது. அம்மம்மா மஞ்சள் கரைத்து விடச் சொன்னார். கடையில் உள்ளிச் சாறு கொடுத்து விட்டார்கள். நாலாம் நாள் பார்த்தால் ஒரு புள்ளியும் இல்லை! அன்றைக்குத்தான் நாம் போயிருந்தோம். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு "இனிப் பயமில்லை, சுகம் வந்திட்டுது" என்று சொன்னவர்கள் நாமே. இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் அந்தப் பிள்ளை அழுதான். எல்லா மீனிலும் புள்ளி. ஐந்து நாளில் நாலு மீன் போய்விட்டன.

பிறகுதான் நாம் இதைப் பற்றித் தேடி வாசித்தோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

இது கிருமி அல்ல, ஒட்டுண்ணி. கிறிப்ரோகாரியன் இரிற்றான்ஸ் என்பது 1951 இல் வைத்த பெயர். கடைகளில் 'புங்க்ற்சென் கிராங்ஹைற்', அதாவது புள்ளி வருத்தம், என்றால் விளங்கிக்கொள்வார்கள். நாம் காணும் வெள்ளைப் புள்ளி, மீனின் தோலுக்குள் இருந்து அதைத் தின்னும் ஒட்டுண்ணி. மூன்று முதல் ஏழு நாள் தின்று கொழுத்த பின், பெரும்பாலும் இருட்டு நேரத்தில், தானாகவே கழன்று விழுந்து விடும். விழுந்தது சாவதில்லை. மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு சுற்றிவர ஓடு கட்டுகிறது. ஓட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. பிறகு ஓடு வெடித்துக் குஞ்சுகள் நீந்திப் புறப்படும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துப்போகும். தொட்டிக்குள் மீன் கிடைக்காமல் எங்கே போகும்?

ஆக, புள்ளி மறைந்த நாள் வருத்தம் மாறின நாள் அல்ல, அது பெருகத் தொடங்கின நாள். மஞ்சளோ உள்ளியோ போட்டாலும் போடாவிட்டாலும் அந்த நாலாம் நாள் புள்ளி விழுந்தே இருக்கும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கடைக்காரரின் போத்தல் விற்பதும் இதனால்தான். வன்னியில் மலேரியாவைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்தினவர்களுக்கு அது எப்படித் திரும்பி வந்தது என்பது ஞாபகம் இருக்கும். (2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது வேறு கதை.)

கடலிலும் இந்த ஒட்டுண்ணி உண்டு. ஆனால் அங்கே குஞ்சுகள் பரந்த தண்ணீரில் சிதறிப் போகும். தொட்டியிலோ மீன் இரவில் ஒரே மூலையில் ஒதுங்குகிறது. விழுந்த ஒட்டுண்ணி அதன் வயிற்றுக்குக் கீழேயே பெருகுகிறது. கூட்டம் கூடிய இடத்தில் வருத்தம் பரவுவது எப்படி என்று முகாமில் இருந்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இந்த மீன்கள் வரும் வழியையும் யோசித்துப் பாருங்கள். இலங்கைக் கரையோரங்களில் சுழியோடிகள் பிடிப்பவையும் இந்த வியாபாரத்தில் உண்டு. பொலித்தீன் பையில் அடைத்து விமானத்தில் ஏற்றுகிறார்கள். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் 2008 இல் திறந்த விலங்குக் கூடத்தின் வழியாகக் கோடிக்கணக்கில் அலங்கார மீன்கள் வருகின்றன. மிருக வைத்திய அதிகாரிகள் பத்திரங்களையும் மீன்களையும் பார்க்கிறார்கள்தான். ஆனால் இது அரசுக்கு அறிவிக்க வேண்டிய வருத்தங்களில் ஒன்றல்ல. முன்பு பிடித்துத் தப்பிய மீன் சில மாதம் எதிர்ப்புச் சக்தியோடு சுகமாகவே தெரியும். ஆனால் உடம்பில் ஒன்றிரண்டைச் சுமந்து வரும். கடைக்காரர் பொய் சொன்னார் என்று எப்போதும் நினைக்கக் கூடாது.

சரி, வந்துவிட்டால் என்ன செய்வது? மருந்தே இல்லாத வழி ஒன்று உண்டு. செலவும் குறைவு, எமக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஓடு கட்டிய ஒட்டுண்ணி வெடிப்பதற்கு ஆகக் குறைந்தது மூன்று நாள் வேண்டும். அதற்குள் மீனை வேறு தண்ணீருக்கு மாற்றிவிட்டால், விழுந்தவை பழைய பெட்டியிலேயே நின்றுவிடும். இரண்டு பிளாஸ்ரிக் பெட்டிகளை வாங்குங்கள். ஒன்றில் புதிதாகக் கரைத்த உப்புத்தண்ணீர், சூடாக்கி, காற்றுப் பம்பி, ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு. மணலோ கல்லோ வேண்டாம். மீனை முதலாம் நாள் விட்டால் நாலாம், ஏழாம், பத்தாம் நாட்களில் அடுத்த பெட்டிக்கு மாற்றி, பதின்மூன்றாம் நாள் வெளியே எடுக்கலாம். 72 மணித்தியாலத்தைத் தாண்ட விடாதீர்கள். வேலைக்குப் போகுமுன் காலையில் மாற்றுவது நல்லது. மீனோடு பழைய தண்ணீர் போகாமல் பாருங்கள். விட்டு வந்த பெட்டி, பம்பிக் குழாய், வலை எல்லாவற்றையும் கழுவி, ஒரு சொட்டும் இல்லாமல் காய வைத்த பின்தான் மறுபடி பாவிக்கலாம். ஈரம் இருந்தால் செய்த வேலையெல்லாம் வீண். இரண்டு தண்ணீருக்கும் வெப்பமும் உப்பும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 40 லீற்றர் பெட்டிக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கடலுப்பு போகும். நாலு தடவைக்கு ஆறு கிலோ என்று வையுங்கள். சாப்பாட்டைக் குறைவாகப் போடுங்கள்; சிறிய பெட்டியில் மீனைக் கொல்வது பல வேளைகளில் ஒட்டுண்ணி அல்ல, அமோனியாதான்.

பெரிய தொட்டியை என்ன செய்வது? ஒரு மீனும் இல்லாமல் விட வேண்டும். இறால், நத்தை, பவளம் இருக்கலாம். அவற்றில் இந்த ஒட்டுண்ணி வாழாது. எவ்வளவு நாள்? ஒரு ஆய்வில் 72 நாள் கழித்தும் ஓடு வெடித்திருக்கிறது. அதனால்தான் அனுபவக்காரர் 76 நாள் என்கிறார்கள். ஒரு மாதத்தோடு அவசரப்பட்டு மீன் விட்டவர்களின் கதை எமக்குத் தெரியும்.

செம்பு மருந்தும் நல்ல மருந்துதான், ஆனால் தனித் தொட்டியில் மட்டும். அளவு கூடினால் மீன் சாகும், குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது. ஒவ்வொரு நாளும் சோதனை செய்ய வேண்டும். பெரிய தொட்டிக்குள் ஊற்றினால் இறாலும் பவளமும் அன்றோடு சரி. கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்திருக்கும். உப்பைக் குறைத்து வைத்தும் மாற்றுகிறார்கள். அதற்குச் சரியான அளவுகருவி வேண்டும். துப்புரவு இறால் வாங்கி விட்டால் போதும் என்பதை நம்பாதீர்கள். தோலுக்குள் இருப்பதை அது எப்படிக் கொத்தும்?

ஒரு எச்சரிக்கை. புள்ளி உப்புக்கல் போல இல்லாமல் மா தூவினது போல மிக நுண்ணியதாக இருந்து, மீன் வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கினால் அது ஊடினியம் என்ற வேறு ஒட்டுண்ணி. இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலியாக்கும். பெட்டி மாற்றும் வழியை நம்பி இருக்கக் கூடாது. அதற்கு மலேரியாவுக்குக் கொடுத்த அதே குளோரோகுயினையும் பாவிக்கிறார்கள். ஆனால் இங்கே அது சீட்டு இல்லாமல் கிடைக்காது. ஊரிலிருந்து கொண்டு வந்த குளிசையை உடைத்துப் போடவும் வேண்டாம். மிருக வைத்தியரிடம் கேளுங்கள். எங்களில் பலருக்கு இந்த நாட்டில் முதல் விலாசமாக இருந்த கீசன் நகரில், பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் பகுதியில் பறவை, ஊர்வன, மீன்களுக்கென்றே ஒரு வைத்தியசாலை இருக்கிறது. முன்னரே தொலைபேசியில் கதைத்துவிட்டுப் போங்கள்.

ஹோக்ஸ்ற் வீட்டுக்குப் போன கிழமை மறுபடி போனோம், கையில் ஒரு வாளி கடலுப்போடு. மிஞ்சிய இரண்டு மீனும் நாலு தடவை பெட்டி மாறிவிட்டன. இப்போது குளியலறைக்குப் பக்கத்தில் வடிகட்டியோடு ஒரு பெட்டியில் நிற்கின்றன. "கறிக்கும் ஆகாத மீனுக்கு இவ்வளவு பாடா?" என்று அம்மம்மா கேட்டார், ஆனால் சாப்பாடு போடுபவர் அவர்தான். பெரிய தொட்டியில் ஒரு இறாலும் நாலைந்து நத்தைகளும் உலாவுகின்றன. பக்கத்தில் தொங்கும் நாட்காட்டியில் மகன் ஒவ்வொரு நாளாக வெட்டி வருகிறான். அன்றைக்கு 31 ஆவது நாள்.