நிவாரணம் 2 லட்சமாகிவிட்டது, ஏணி அதே சவுக்கு ஏணிதான்!

முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில், நிலமற்ற விவசாயத் தொழிலாளி விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை 1 லட்சம் ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயரும் என்று 2025-26 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உறுப்பு இழப்புக்கு 20 ஆயிரம், 1 லட்சமானது. நல்ல அறிவிப்புதான். ஆனால் அது விழுந்த பிறகு வருகிற பணம். ஏணி உடையாமல் பார்ப்பது தோப்புக்காரர் பொறுப்பு.

கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை ஒட்டிய ஊரப்பாக்கத்தில் மனைகள் பெருகி, தோப்புகள் குறைந்துவிட்டன. மாங்காய் பறிக்க ஆள் கிடைப்பதே பெரும்பாடு. வருகிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் சவுக்குக் கம்பில் ஆணி அடித்த ஏணி. மாமல்லபுரம் கடற்கரை வரை சவுக்கு விளைவதால் அது சுலபமாகக் கிடைக்கிறது.

சவுக்கு உறுதியான மரம். ஆனால் பச்சைக் கம்பு காயும்போது முனையிலிருந்து நீளவாக்கில் வெடிக்கும். ஆணி அடித்திருந்தால் வெடிப்பு அந்தத் துளை வழியாகவே ஓடும், பிடியும் தளரும். பிறகு ஆள் எடையை ஆணி மட்டும்தான் தாங்குகிறது. கம்பை நிழலில் நன்றாகக் காயவைத்து, இரு கால்களிலும் துளையிட்டு, படியைச் செருகி ஆப்பு வைக்கச் சொல்லுங்கள். கால்கள் விலகாமல் மேலும் கீழும் கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். மூங்கில் என்றால் முற்றியதாகப் பார்த்து வாங்குங்கள். மாவு போலத் தூள் உதிர்ந்தால் வண்டு துளைத்துவிட்டது, அது அடுப்புக்குத்தான்.

பெயின்ட் வேண்டாம், வெடிப்பை மறைத்துவிடும். ஏறுமுன் ஒவ்வொரு படியையும் கையால் முறுக்கிப் பாருங்கள். சுழன்றால் ஏறக்கூடாது.

ஏணிகளுக்கென்று ஐ.எஸ். 3696 இரண்டாம் பகுதி என்ற தரவிதி இருக்கிறது. தோப்புக்கு வந்து யாரும் அளக்கப்போவதில்லை, நாமே அளக்கலாம். 12 அடி உயரத்தில் சாய்த்தால் ஏணியின் அடி 3 அடி தள்ளி நிற்கட்டும். மாங்கிளை அசையும் என்பதால் ஏணியின் தலையைக் கயிற்றால் கிளையோடு கட்டுங்கள்.

இலேசாக இருக்கிறதே என்று அலுமினிய ஏணிக்கு மாறுகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். புது மனைகளுக்கு இழுத்த மின்கம்பி மரத்தருகே போனால் அலுமினியம் கூடவே கூடாது. மழையில் நனைந்த மர ஏணியும் ஆபத்துதான்.

உங்களிடம் வேலை செய்பவர் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்திருக்கிறாரா என்று அறுவடைக்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் அனுப்புங்கள். தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு தனியாக இருக்கிறது.