இரண்டு துப்பாக்கி வரம்பு: பழைய ரைபிள்களின் வரலாறு என்னவாகும்?

புதுதில்லி: காவல் துறையின் ஆயுதக் கிடங்குகளிலிருந்து .303 ரைபிள்கள் மாநிலம் மாநிலமாக விடைபெற்று வருகின்றன. உத்தரப் பிரதேசக் காவல் துறை, 2020-ஆம் ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்போடு அவற்றுக்கு விடை கொடுத்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 2019 டிசம்பர் 14-இல், தனிநபர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்த ஆயுதச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இவ்விரு முடிவுகளாலும் நேர்வது ஒன்றே. பழைய படைத்துப்பாக்கிகள், அவற்றின் பணி வரலாறு பதிவு செய்யப்படாமலேயே கண்ணிலிருந்து மறைகின்றன.

மசோதாவின் தொடக்க வடிவம் ஒரே ஒரு துப்பாக்கியைத்தான் அனுமதித்தது. எதிர்ப்புக்குப் பின்னர் அது இரண்டானது. பரம்பரையாக வந்த துப்பாக்கிகளும் இவ்வரம்புக்கு உட்பட்டவையே. மிகுதியானவற்றை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் பணித்தது. துப்பாக்கிப் பெருக்கத்தைத் தடுக்கும் நோக்கத்தில் குறை காண இயலாது. ஆயினும் சட்டம் எத்தனை என்று எண்ணுகிறதே தவிர, எது என்று வினவுவதில்லை.

எது என்ற வினாவுக்கு விடை துப்பாக்கியின் உடலிலேயே உள்ளது. முதல் உலகப் போர்க்கால ‘ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்டு’ ரைபிளின் பின்கட்டை பொருந்தும் இரும்புக் கழுத்தில் மகுடமும், மன்னரின் பெயரெழுத்தும், ஆலையின் பெயரும், ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் உருவானதாயின், மன்னரைப் பேரரசராகக் குறிக்கும் ‘ஜி.ஆர்.ஐ.’ என்ற எழுத்துகளைக் காணலாம். விடுதலைக்குப் பின்னர் மகுடத்தின் இடத்தில் அசோகச் சிங்கங்கள் வந்தன. குழல், போல்ட், முன்மூக்கு ஆகியவற்றின் வரிசை எண்கள் ஒத்திருந்தால் அது பெரும்பாலும் பிறந்த வடிவிலேயே இருக்கிறது. மாறுபட்டால், பழுதுபார்க்கப்பட்டு மறுபிறவி எடுத்தது. பின்கட்டையில் பித்தளை வட்டு எஞ்சியிருந்தால், அதனை ஏந்திய படைப்பிரிவின் பெயரும் கிடைக்கக்கூடும். காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் வழங்குவதற்காக, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா மட்டும் சுடும் .410 மஸ்கட்டாக மாற்றப்பட்டவையும் உண்டு. குடிமக்களோடு பழகும் கைகளில் முழு ஆற்றல் கொண்ட ரைபிளைக் கொடுக்க ஆங்கிலேய அரசு தயங்கியதன் தடயம் அது.

போலிகளும் குறைவில்லை. இன்றைய பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையால் செய்யப்பட்ட நகல்களில் ஆங்கில எழுத்துகள் தலைகீழாக நிற்கும். 1901-இல் மறைந்த விக்டோரியா அரசியின் முத்திரைக்குக் கீழே அதற்குப் பிந்தைய ஆண்டு காணப்படும். முத்திரையைப் படிக்கத் தெரியாத ஓர் எழுத்தருக்கு அசலும் நகலும் பதிவேட்டில் ஒன்றுதான்.

1914-இல் மார்சேல் துறைமுகத்தில் இறங்கிய இந்திய வீரர்களுக்கு, பழைய துப்பாக்கிகள் மாற்றப்பட்டு புதிய ரைபிள்கள் வழங்கப்பட்டன. அரை நூற்றாண்டு கழித்து, 1962-இல் ரெசாங் லா கணவாயில் 13-ஆம் குமாவுன் பட்டாலியன் வீரர்கள் சீனப் படையை எதிர்கொண்டபோதும் கையில் இருந்தது .303 ரைபிள்தான். அப்போருக்குப் பின்னரே இஷாப்பூர் ஆலை, அதே அமைப்பில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கான 2ஏ, 2ஏ1 வகைகளை உருவாக்கியது. 2008 நவம்பரில் மும்பை சத்ரபதி சிவாஜி முனையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்ற காவலர்களின் கையிலும் .303 இருந்தது. அதனைப் பணியிலிருந்து விலக்குவதில் இரு கருத்துக்கு இடமில்லை.

விலக்கிய பின் என்ன என்பதில்தான் சட்டங்கள் முரண்படுகின்றன. .303 ரைபிளும் .410 மஸ்கட்டும் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. மத்திய அரசின் உரிமமின்றி வைத்திருக்க இயலாது. பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு மட்டுமே ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. அதாவது, பழமையைக் காப்பாற்ற விரும்புவோர் முதலில் அதன் உள்ளமைப்பைச் சிதைக்க வேண்டும். மறுபுறம், நூறாண்டு கடந்த வரலாற்றுச் சிறப்புடைய பொருளைத் தொல்பொருளாகக் கருதும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் அதனை ஏற்றுமதி செய்வதையே தடுக்கிறது. ஒரே பொருளை ஒரு சட்டம் அபாயமாகவும் மற்றொன்று செல்வமாகவும் பார்க்கிறது. இதில் வியப்பு யாதெனில், உபரியாக விற்கப்பட்டுக் கடல் கடந்த இஷாப்பூர் ரைபிள்களின் முத்திரைகளை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு ஆராய்ந்து வருகின்றனர்.

துப்பாக்கிகளைத் திருப்பித் தர வேண்டும் என்பதல்ல இங்கு கோரிக்கை. ஒப்படைக்கப்பட்டு உரிய காலத்தில் மீட்கப்படாத ஆயுதம், மாவட்ட நடுவரின் ஆணையால் அரசுடைமையாகிறது. அந்த ஆணைக்கு முன்னர் கழுத்து முத்திரை, வரிசை எண்கள், பித்தளை வட்டு ஆகியவற்றைப் படமெடுத்துக் கோப்பில் சேர்க்கச் சில நிமிடங்களே ஆகும். உரிமதாரர்களுக்குத் தனி அடையாள எண் வழங்கும் தேசியத் தரவுத்தளம் ஏற்கெனவே இயங்குகிறது. அதில் படத்துக்கென ஓர் இடம் ஒதுக்கச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது, உள்துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.