பெட்டி காத்திருக்கட்டும், வண்டி காத்திருக்க வேண்டாம்

கடைவீதியில் மரம் ஒன்று விழுந்தால் அதை அறுத்துப் போட அரை நாள் போதும். அறுத்துப் போட்டதை அள்ளிச் செல்லத்தான் நாள்கணக்கில் ஆகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டபோதும் வணிகர்களாகிய நாம் கண்டது இதைத்தான். பாதை திறந்தது, ஆனால் கிளையும் தழையும் ஓரமாய்க் கடை வாசல்களில் குவிந்தன. வர்தா வந்ததோ, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதற்கு அடுத்த மாதம். கல்லாவில் சில்லறை இல்லாமல் தவித்த மளிகைக்காரருக்கு வாசலும் அடைபட்டது.

குவியல் கிடக்கிறதே என்று கடை வாடகையும் ஆள் சம்பளமும் நிற்பதில்லை. மண்டியிலிருந்து வரும் சரக்கு லாரி தெருமுனையோடு நின்றுவிடும். அங்கிருந்து தள்ளுவண்டி, அதற்குத் தனிக் கூலி. வாழைத்தாரும் காய்கறியும் வழியிலேயே வாடும். எல்லாவற்றையும்விட, அடுத்த தெருக் கடைக்குப் பழகிவிட்ட வாடிக்கையாளர் குவியல் போன பிறகு திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நகராட்சி வண்டிகள் முதலில் மருத்துவமனைச் சாலைக்கும் பேருந்துத் தடத்துக்கும் போகின்றன. அது முறைதான், அதில் நாம் குறை காணவில்லை. நம் முறை வரும் வரை பொறுக்க முடியாமல் சங்கமே வசூல் செய்து வாடகை வண்டி அமர்த்துகிறதே, அங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். எந்த வண்டி கிடைத்தாலும் சரி, நடைக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிடுகிறோம். துவரம்பருப்பை மூட்டை மூட்டையாக எடை பார்த்து வாங்கும் நாம், இதில் மட்டும் அளவு கேட்பதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் தொழிலின் முதல் பாடமன்றோ?

அளந்தே பார்ப்போம். 2 யூனிட், அதாவது 200 கன அடி கொள்ளும் மணல் டிப்பர் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன அடி மணல் சுமார் 45 கிலோ. ஆக, அந்தப் பெட்டி நிறைய மணல் 9 டன். அதே பெட்டியில் வெட்டிய கிளைகளைப் போட்டால் என்ன ஆகும்? தளர்வாகக் கிடக்கும் கிளை, மரத்தின் வகையையும் ஈரத்தையும் பொறுத்து, கன மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ இருக்கும். நடுவே 150 கிலோ என்று கொண்டால், 200 கன அடிக்கு 850 கிலோ. மிதித்து அமுக்கினால் சற்றுக் கூடும், அவ்வளவுதான். 9 டன் வண்டிக்கு வாடகை கொடுத்து ஒரு டன்கூட அனுப்பவில்லை. அரிசி மூட்டைக்குரிய வண்டியில் பொரி மூட்டை ஏற்றிய கதை.

கிளைக்கு வேண்டியது பாரம் தாங்கும் வண்டியன்று, இடம் கொள்ளும் பெட்டி. 14 அடி நீளம், 7 அடி அகலம், 5 அடி உயரம் உள்ள பெட்டி 490 கன அடி கொள்ளும். அதில் ஒரே நடையில் 2 டன் கிளை போகும். மணல் டிப்பரில் இரண்டு நடைக்கும் மேற்பட்ட வேலை இது.

அளவு மட்டும் போதாது, அமைப்பும் பொருந்த வேண்டும். சாதாரணத் திறந்த லாரியில் ஏற்றவும் ஆள், இறக்கவும் ஆள். மணல் டிப்பர் தானே கொட்டும். ஆனால் அதன் பின்கதவு மேலே கீல் போட்டுத் தொங்குவது. கீழே திறக்கும் இடைவெளியில் மணல் வழியும், கிளை வழியாது; சிக்கிக்கொள்ளும். சரக்கு கீழிறங்காமல் பெட்டி மட்டும் மேலே உயர்ந்தால், மேடுபள்ளமான இடத்தில் வண்டி சாயவும் கூடும். குப்பையை அமுக்கும் கம்பாக்டர் வண்டியோ வீட்டுக் குப்பைக்கென்று செய்தது. நீண்ட கட்டைகளுக்கு ஏற்றதன்று.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ஆட்கள் ஏற்றி முடிக்கும் வரை என்ஜினும் டிரைவரும் கடைவீதியில் சும்மா நிற்க வேண்டும். ஓடினால்தான் வண்டி, நின்றால் அதுவே இன்னொரு அடைப்பு.

ஆகவே நம் கருத்து இதுதான்: பெட்டி வேறு, வண்டி வேறு என்று பிரியும் அமைப்பையே கடைவீதிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹூக் லோடர் என்னும் வண்டியில் கொக்கி போன்ற இரும்புக் கை இருக்கிறது. காலிப் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, நிறைந்த பெட்டியை இழுத்து ஏற்றிக்கொண்டு போய்விடும். கொட்டும் இடத்தில் அதே கை பெட்டியைச் சாய்த்துக் கொட்டும். பெட்டி தரையில் இருப்பதால் ஏற்றும் ஆளுக்கும் சிரமம் குறைவு. ஒரு வண்டி, மூன்று பெட்டி இருந்தால் ஏற்றுவதும் கொண்டுபோவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

அதெல்லாம் பெரிய நகரத்துக்கு, நம் ஊரில் ஹூக் லோடருக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடகையும் கூடுதல்தான்; பெட்டியை இழுத்து ஏற்றப் பின்புறம் நீண்ட இடமும் தலைக்கு மேல் மின்கம்பி இல்லாத வெளியும் வேண்டும். ஆனால் அதே வேலையைச் செய்யும் அமைப்பு நம் ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் டிராக்டரும் டிரெய்லரும். டிரெய்லரைக் கழற்றித் தெருமுனையில் விட்டுவிட்டு, டிராக்டர் நிறைந்த இன்னொரு டிரெய்லரை இழுத்துப் போகலாம். ஹைட்ராலிக் டிரெய்லராக இருந்தால் கொட்டுவதற்கும் ஆள் தேவையில்லை. ஒரு டிராக்டருக்கு இரண்டு டிரெய்லர் என்று பேசுவதில்தான் சூட்சுமம். குறுகிய சந்துகளுக்குக் குட்டி யானை இருக்கிறது. கம்பிவலை அடைத்துப் பக்கத்தை உயர்த்தினால் சந்துக் கிளைகளைத் தெருமுனைப் பெட்டிக்குக் கொண்டு சேர்க்கும்.

பெட்டியைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. உட்புறம் கிளை மாட்டும் கொக்கிகளோ குறுக்குச் சட்டங்களோ இல்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். பின்கதவு பக்கவாட்டில் முழு அகலத்துக்கும் திறக்க வேண்டும். மேலே கட்ட வலையோ தார்ப்பாயோ இருக்க வேண்டும். தெருவில் விடும் பெட்டிக்கு நகராட்சி, போக்குவரத்துக் காவல் அனுமதியும் இரவில் ஒளிரும் பட்டையும் அவசியம்.

அடிமரத் துண்டு மட்டும் தனிக் கணக்கு. பச்சை மரத் துண்டை அடுக்கினால் கன மீட்டருக்கு அரை டன்னுக்குக் குறையாது. கிளை ஏற்றினால் 2 டன் வரும் அதே 490 கன அடிப் பெட்டி, கட்டை அடுக்கினால் 7 டன் ஆகிவிடும். பெட்டி பெரிதென்று வாய்வரை நிரப்பினால் சிறு வண்டியின் பட்டையும் அச்சும் தாங்கா. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சரக்கு பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய்தான். கிளையும் கட்டையும் தனித்தனியே போகட்டும். கட்டைக்கு விறகுக் கடையில் விலை உண்டு. மரத்துக்கு உரிய துறையின் ஒப்புதல் பெற்றுக் கொடுத்தால் வண்டிச் செலவில் ஒரு பகுதி குறையும். அள்ளச் சோம்பித் தெருவிலேயே தீ வைப்பது மட்டும் கூடாது. எண்ணெய் டின்னும் அட்டைப்பெட்டியும் அடுக்கியுள்ள கடைகளுக்கு நடுவே அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

புயல் அடித்த மறுநாள் பேரம் பேசினால் வண்டிக்காரர் சொன்னதுதான் விலை. ஆகவே ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு வண்டி உரிமையாளருடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பெட்டி எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை கன அடி, கன அடிக்கு என்ன கூலி, எங்கே கொட்டுவது, எத்தனை மணி நேரத்தில் வருவது என்பன அதில் இருக்கட்டும். கொட்டும் இடத்தை நகராட்சியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கவும் நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டும். மழைக்காலச் சரக்கை முன்னதாகவே வாங்கி அடுக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமன்று. மரம் விழுவதை நம்மால் தடுக்க முடியாது. கடை வாசல் எத்தனை நாள் அடைபட்டுக் கிடப்பது என்பது மட்டும் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.