உலகம் அறிந்த முகம், அறியாத பெயர்: அகதிப் பெண்களின் உருவப்படங்கள் சொல்வது என்ன?

சூளூர்பேட்டை: ஆந்திர மாநிலம் சூளூர்பேட்டையிலிருந்து சென்னை செல்லும் புறநகர் ரயில், மாநில எல்லையைக் கடந்து கும்மிடிப்பூண்டியை அடைகிறது. அங்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உள்ளது. 1983 முதல் போரால் இடம்பெயர்ந்து தமிழகம் வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பலர் திரும்பிச் சென்றுவிட்ட நிலையில், சுமார் 58 ஆயிரம் பேர் இன்னும் இத்தகைய முகாம்களில் வாழ்கின்றனர்.

அகதிப் பெண்கள் என்றதும் செய்திப் படங்களில் தெரிவது படகிலிருந்து இறங்கும் கூட்டமும், உதவிக்குக் காத்திருக்கும் வரிசையுமே. முகாம் அடையாள அட்டையில் இருப்பது பதிவுக்கான படம். இரண்டிலும் தனி மனுஷி தெரிவதில்லை. இந்தக் குறையைப் போக்கவே, ஒவ்வொரு பெண்ணையும் அவர் விரும்பும் உடையிலும் தோற்றத்திலும் படமெடுக்கும் முயற்சிகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன.

ஆனால், அழகிய உருவப்படம் மட்டுமே தனித்துவத்தைத் தந்துவிடாது. பாகிஸ்தானின் பெஷாவர் அருகே இருந்த முகாமில் 1984-ல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம், அடுத்த ஆண்டு நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில் வெளியாகி உலகப் புகழ் பெற்றது. ஷர்பத் குலா என்ற அவரது பெயர் தெரியவந்தது 2002-ல்தான். அப்படத்தை அவரே முதன்முறையாகப் பார்த்ததும் அப்போதுதான். உலகமே அறிந்த அந்த முகம் அவரைக் காக்கவில்லை. போலி அடையாள அட்டை வைத்திருந்ததாக 2016-ல் பாகிஸ்தானில் கைது செய்யப்பட்டு, ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். 2021-ல் இத்தாலி அவருக்கு அடைக்கலம் அளித்தது.

தமிழக முகாம்களுக்கும் இதில் பாடம் உண்டு. 2021-ல் மாநில அரசு முகாம்களின் பெயரிலிருந்து 'அகதி' என்ற சொல்லை நீக்கியது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, உரிய பயண ஆவணங்கள் இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025-ல் விலக்கு அளித்தது. எனினும் விலக்கு வேறு, குடியுரிமை வேறு. 2019-ம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை.

1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார்.

படமெடுக்கச் சம்மதம், படத்தின் கீழ் எதை எழுதுவது என்ற முடிவு, வெளியிடும் முன் பார்க்கும் உரிமை ஆகிய மூன்றும் பெண்ணிடமே இருந்தால்தான் உருவப்படம் அவருடையதாகும். அதற்கு அப்பால் உள்ள பொறுப்பு அரசினுடையது. கண்காட்சிச் சுவரில் தொங்கும் பெரிய படத்தைவிட, வாக்காளர் அட்டையில் உள்ள சிறிய படமே முகாமில் பிறந்த பெண்ணுக்கு அதிகம் தரும்.